டொயோட்டா 2000ஜிடி: சாலையில் சில நூறு, அலமாரியில் ஏராளம்

டொயோட்டா 2000ஜிடி இரண்டே இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். 1967 முதல் 1970 வரை விற்பனையில் இருந்தது. வாடிக்கையாளர்களுக்குப் போனவை 337. சோதனைக்காகச் செய்தவற்றையும் சேர்த்தால் 351. ஒரு பெரிய தொழிற்சாலை இன்று ஒரு ஷிஃப்டில் இதைவிட அதிகமான கார்களை வெளியே அனுப்பிவிடும். ஆனாலும், ஜப்பானியர்களால் ஐரோப்பியர்களுக்குச் சமமாக ஸ்போர்ட்ஸ் கார் செய்ய முடியும் என்று உலகை ஒப்புக்கொள்ள வைத்தது இந்த வண்டிதான். நேரில் பார்த்தவர்கள் மிகக் குறைவு. அப்படியிருந்தும் அதன் முகம் உலகம் முழுக்கத் தெரிந்ததற்கு ஒரு சினிமாவும், உள்ளங்கையில் அடங்கும் சில பொம்மைக் கார்களும் பெரிய காரணம்.

1960களின் தொடக்கத்தில் டொயோட்டாவுக்கு லாரியும் குடும்பக் காரும் செய்கிற நிறுவனம் என்ற பெயர்தான். க்ரவுன், கரோனா, பப்ளிகா எல்லாமே உழைக்கிற வண்டிகள். யாரும் நின்று திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குவாலிஸும் இன்னோவாவும் பார்த்து வளர்ந்த நம் வாசகர்களுக்கு இந்தப் பிம்பம் அந்நியமானதல்ல. அமெரிக்கச் சந்தையில் கால் ஊன்ற நினைத்த நிறுவனத்துக்கு அந்தப் பெயர் போதவில்லை. லாபம் வராவிட்டாலும் பரவாயில்லை, பேச வைக்கிற ஒரு வண்டி தேவைப்பட்டது. அந்த வேலை ஜிரோ கவானோ தலைமையில் ஒரு சிறு குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. உருவத்தை வரைந்தவர் சதோரு நொசாகி.

கூட்டாளியாக வந்தது யமஹா. மோட்டார் சைக்கிள் செய்துகொண்டிருந்த யமஹா அதற்கு முன்பே நிசானுடன் சேர்ந்து ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்கான முயற்சியில் இறங்கியிருந்தது. நிசான் 1964இல் பின்வாங்கியதும் யமஹாவின் பொறியாளர்கள் கையில் திறமை இருந்தது, வேலை இல்லை. டொயோட்டாவிடம் வேலை இருந்தது, ஆள் போதவில்லை. இந்த முன்கதையால் ஒரு வதந்தியும் கிளம்பியது. நிசானுக்கு ஆலோசகராக இருந்த ஆல்பிரெக்ட் கோர்ட்ஸ் என்ற ஜெர்மானிய வடிவமைப்பாளர்தான் 2000ஜிடியையும் வரைந்தார் என்று பல ஆண்டுகள் எழுதப்பட்டது. நிசானின் அந்தக் காரும் 2000ஜிடியும் நீண்ட முகமும் குட்டையான பின்புறமும் கொண்டவை என்பதைத் தவிர இந்தக் கதைக்கு வலுவான அடிப்படை கிடையாது. நொசாகியின் கண்முன் இருந்தது 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப் என்பது பார்த்தாலே புரியும். அந்தக் காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார் வரைந்த யார்தான் அதைப் பார்க்காமல் இருந்தார்கள்?

1965 அக்டோபரில் டோக்கியோ மோட்டார் ஷோவில் முதல் வண்டி மேடையேறியது. அதன் உயரம் 116 சென்டிமீட்டர். பக்கத்தில் நிற்பவருக்கு மார்பளவுகூட வராது. நீளம் நான்கு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், எடை 1,120 கிலோ. முன்பக்கத்தில் கண்ணாடி மூடிக்குள் பெரிய உருண்டை விளக்குகள் தெரியும். பலர் அவற்றையே ஹெட்லைட் என்று நினைத்துக்கொள்வார்கள். அவை ஃபாக் லேம்ப். உண்மையான ஹெட்லைட்டுகள் பானட்டுக்குள் ஒளிந்திருந்து, தேவைப்படும்போது மேலே எழும்பும். ஹெட்லைட் தரையிலிருந்து இவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்ற அமெரிக்க விதிக்கு இவ்வளவு தாழ்வான மூக்கு ஒத்துவராததால் செய்த ஏற்பாடு அது. முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவே இருபுறமும் ஒரு சிறிய சதுர மூடி இருக்கும். இடப்பக்க மூடிக்குள் பேட்டரி, வலப்பக்க மூடிக்குள் ஏர் கிளீனர். பானட்டைத் தாழ்வாக வைக்க வேண்டும் என்பதற்காக இவற்றை ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். பின்னாளில் மாடல் செய்பவர்களின் தூக்கத்தைக் கெடுத்தவை இந்தச் சின்னச் சின்ன மூடிகள்தான்.

இன்ஜின் க்ரவுன் காரிலிருந்து வந்தது. ஆறு சிலிண்டர், 1,988 சிசி. க்ரவுனில் அது சாதுவாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜின். யமஹா அதற்கு இரண்டு கேம்ஷாஃப்ட் கொண்ட அலுமினியத் தலையைப் புதிதாகச் செய்து, மூன்று இரட்டைக் குழல் கார்புரேட்டர்களையும் பொருத்தியது. 150 குதிரைசக்தி கிடைத்தது. உச்ச வேகம் மணிக்கு 220 கிலோமீட்டர் என்று நிறுவனம் அறிவித்தது. ஐந்து கியர், நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக், மெக்னீசியம் கலந்த உலோகத்தில் வார்த்த சக்கரங்கள். அன்றைய ஜப்பானியக் காரில் இவை எல்லாம் ஒன்றாக இருந்ததில்லை. உள்ளே உட்கார்ந்தால் மரவேலை கண்ணில் படும். டேஷ்போர்டையும் ஸ்டீயரிங்கையும் அலங்கரித்த அந்த மரவேலை, பியானோ செய்கிற யமஹாவின் இசைக்கருவிப் பிரிவு கற்றுவைத்திருந்த கலை. வண்டிகளை ஒன்றுசேர்த்ததும் ஷிசுவோகா மாகாணத்தில் இருந்த யமஹாவின் இவாதா ஆலைதான். உடற்பகுதியின் பெரும்பகுதி கைவேலை. நாளொன்றுக்கு ஒரு வண்டி வெளியே வந்தாலே பெரிது.

விற்பனைக்கு முன்பே பெயர் எடுக்க வேண்டுமென்று 1966 அக்டோபரில் ஒரு சோதனை நடந்தது. இபராகி மாகாணத்தில் யதாபே என்ற இடத்தில் இருந்த அதிவேக ஓடுதளத்தில், ஓட்டுநர்கள் மாறி மாறி உட்கார, ஒரே வண்டி 78 மணி நேரம் ஓடியது. டயர் மாற்றவும் பெட்ரோல் நிரப்பவும் மட்டுமே நின்றது. 10,000 மைலை மணிக்குச் சராசரியாக 206.18 கிலோமீட்டர் வேகத்தில் கடந்தது. 72 மணி நேரம், 15,000 கிலோமீட்டர், 10,000 மைல் ஆகிய மூன்றிலும் உலக சாதனை. அவற்றோடு அந்த இன்ஜின் அளவுப் பிரிவில் 13 சர்வதேச சாதனைகள். அடுத்த ஆண்டின் இறுதியிலேயே இத்தாலியின் மோன்சாவில் போர்ஷே 911ஆர் இவற்றில் முக்கியமானவற்றைத் தட்டிப் பறித்துக்கொண்டது. ஆனால் போர்ஷே மெனக்கெட்டு முறியடிக்க வேண்டிய சாதனை ஒரு ஜப்பானியக் காரிடம் இருந்தது என்பதே டொயோட்டாவுக்குக் கிடைத்த விளம்பரம்.

விலைதான் அடித்தது. ஜப்பானில் 23 லட்சத்து 80 ஆயிரம் யென். 1966இல் அறிமுகமான கரோலாவின் விலை 4 லட்சத்து 32 ஆயிரம் யென் என்பதால், ஒரு 2000ஜிடி விலைக்கு ஐந்து கரோலா வாங்கி மிச்சம் பிடிக்கலாம். அமெரிக்காவில் சுமார் 7,000 டாலர். அந்தப் பணத்துக்கு அங்கே போர்ஷேயோ ஜாகுவாரோ கிடைக்கும்போது, பேர் தெரியாத ஜப்பானியக் கம்பெனியிடம் யார் போவார்கள்? அங்கே விற்றது அறுபது சொச்சம். பந்தயத்தில் ஜெயித்துக் காட்டினால் விற்கும் என்று 1968இல் அமெரிக்கப் பந்தய வீரர் கேரல் ஷெல்பியின் குழுவிடம் வண்டிகளைக் கொடுத்தார்கள். நன்றாகவே ஓடின, ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. ஒரு பருவத்தோடு டொயோட்டா கையைக் கட்டிக்கொண்டது. இத்தனை விலை வைத்தும் ஒவ்வொரு வண்டியிலும் நஷ்டம்தான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

இதற்கிடையே சினிமா வந்தது. ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தின் கதை ஜப்பானில் நடக்கிறது. படப்பிடிப்பு 1966இல், வெளியீடு 1967 ஜூனில். பாண்டாக நடித்த ஷான் கானரியின் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். 2000ஜிடிக்குள் அவரை உட்கார வைத்துக் கேமராவும் வைக்க முடியாது. அவசர அவசரமாக இரண்டு வண்டிகளின் கூரை அறுக்கப்பட்டு, திறந்த கார்களாக மாற்றப்பட்டன. மடக்கும் கூரை எதுவும் கிடையாது. பின்னால் இருப்பது கூரை மடங்கிக் கிடப்பதுபோல் காட்டும் ஒரு உறை மட்டும். திறந்த 2000ஜிடி ஒருபோதும் விற்பனைக்கு வரவில்லை. இன்னொரு வேடிக்கை, பாண்ட் படங்களின் புகழ்பெற்ற கார்களில் ஒன்றான இதைப் படத்தில் பாண்ட் ஓட்டவே இல்லை. அகிகோ வகபயாஷி நடித்த ஆகி என்ற பாத்திரம்தான் ஓட்டுகிறது. பாண்ட் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறார்.

பொம்மைக் காரின் கதை இங்கே ஆரம்பிக்கிறது. பிரிட்டனில் மெட்டாய் என்ற நிறுவனம், வேல்ஸின் ஸ்வான்ஸீ ஆலையில் 1956 முதல் கோர்கி என்ற பெயரில் உலோகக் கார்கள் செய்துவந்தது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய யூதரான ஃபிலிப் உல்மன். 1965இல் பாண்டின் ஆஸ்டன் மார்டின் டிபி5ஐ, இருக்கையில் இருக்கிற ஆளைத் தூக்கி எறிகிற விசையோடு கோர்கி வெளியிட்டது. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குக் கடைகளில் சரக்கே மிஞ்சவில்லை. ருசி கண்ட நிறுவனம் அடுத்த பாண்ட் காரை விடுமா? 1967இல் 336 என்ற எண்ணோடு வெள்ளை நிற 2000ஜிடி வந்தது. நீளம் சுமார் பத்து சென்டிமீட்டர். இருக்கைகளில் இரண்டு உருவங்கள். டிக்கிக்குள் ஏவுகணைகள், மூடியைத் திறந்து விசையை அழுத்தினால் சீறிக்கொண்டு போகும்.

படத்தில் அந்தக் கார் ஏவுகணை எதையும் ஏவவில்லை. அதில் தொலைக்காட்சித் திரையும் தொடர்புக் கருவிகளும்தான் இருந்தன. ராக்கெட் விடுகிற வேலை ‘லிட்டில் நெல்லி’ என்ற குட்டி ஆகாய வாகனத்துடையது. துரத்தி வருகிற எதிரிகளின் காரை ஹெலிகாப்டர் ஒன்று பெரிய காந்தத்தால் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போடும். ஆனால் ஆஸ்டன் மார்டினைக் கையில் வைத்து விளையாடிய பையனுக்கு ஒன்றும் செய்யாத காரை விற்க முடியாது என்று கோர்கிக்குத் தெரியும். ஆக, உலகிலேயே இரண்டு மட்டும் உள்ள ஒரு வடிவம், அதில் இல்லாத ஆயுதத்தோடு, பல நாட்டுப் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. துல்லியம் என்று பார்த்தால் இது தேறாது. ஆனாலும் சேகரிப்பாளர்கள் இதைத்தான் விலை கொடுத்துத் தேடுகிறார்கள். அவர்கள் வாங்குவது காரின் நகலை அல்ல, 1967இன் பொம்மையை.

ஜப்பானில் கதை வேறு மாதிரி. டோமி நிறுவனம் 1970 ஆகஸ்டில் டொமிகா என்ற வரிசையைத் தொடங்கியது. அதுவரை ஜப்பானியப் பிள்ளைகள் கையில் இருந்த சின்ன உலோகக் கார்களில் பெரும்பாலானவை அயல்நாட்டுச் சரக்கு. அவை காட்டியதும் அயல்நாட்டுக் கார்களை. தெருவில் ஓடுகிற நம் வண்டிகளையே செய்வோம் என்று டோமி ஆறு கார்களோடு வந்தது. விலை ஒன்றுக்கு 180 யென். ப்ளூபேர்ட், கரோனா மார்க் டூ, க்ரவுன், க்ரவுன் போலீஸ் வண்டி, ஃபேர்லேடி இசட் ஆகியவற்றோடு ஐந்தாம் எண்ணில் டொயோட்டா 2000ஜிடி. மற்ற ஐந்தையும் தெருவில் பார்க்க வாய்ப்பிருந்தது. இதை மட்டும் பொம்மையாகத்தான் பார்க்க முடியும். அசல் காரின் உற்பத்தி நின்றுபோனதும் அதே 1970இல்தான்.

டொமிகாவுக்கு ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. எல்லா வண்டியும் ஏறத்தாழ ஒரே அளவுப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். அதனால் பேருந்தும் காரும் கிட்டத்தட்ட ஒரே நீளம்; பேருந்தை நூறு மடங்குக்கும் மேல் சுருக்குவார்கள், காரை அறுபது மடங்கு. அளவு விகிதத்தில் கறாரானவர்களுக்கு இது பொறுக்காது. அவர்களுக்கு மூன்று அளவுகள்தான் வேதம். 1:64 என்றால் 2000ஜிடி ஆறரை சென்டிமீட்டர். 1:43 என்றால் ஒன்பதே முக்கால். 1:18 என்றால் இருபத்து மூன்று. இதில் 1:43 என்ற விநோத எண் பிரிட்டனின் பொம்மை ரயில்களிலிருந்து வந்தது. அங்கே ஓ-கேஜ் ரயிலில் ஓர் அடிக்கு ஏழு மில்லிமீட்டர் என்று கணக்கு. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவைக்கக் கார் வேண்டுமென்றபோது அதே விகிதம் ஒட்டிக்கொண்டது.

இவை எல்லாம் டை-காஸ்ட் முறையில் ஆனவை. துத்தநாகத்தோடு அலுமினியமும் கொஞ்சம் மெக்னீசியமும் செம்பும் சேர்ந்த ஜமாக் என்ற கலவையை உருக்கி, அழுத்தத்தோடு எஃகு அச்சுக்குள் செலுத்துவார்கள். கலவை 400 டிகிரிக்குள் உருகிவிடும், நொடிகளில் உறையும், நுணுக்கமான கோடுகளையும் பிடித்துக்கொள்ளும். செலவெல்லாம் அச்சுக்குத்தான். ஒரு அச்சைச் செய்துவிட்டால் ஆயிரக்கணக்கில் வார்த்தால்தான் போட்ட காசு திரும்பும். ஒரே 1:18 மாடல் வெள்ளை, சிவப்பு, வெள்ளி, மஞ்சள் என்று வரிசையாக வருவதற்கும், பின்னாலேயே பந்தய எண் ஒட்டிய பதிப்பும் பாண்டின் திறந்த காரும் வருவதற்கும் இந்தக் கணக்குதான் காரணம். ஆட்டோஆர்ட் நிறுவனம் 2000ஜிடியை இப்படித்தான் பல உருவங்களில் வெளியிட்டது. சில நூறு மட்டும் செய்கிறவர்கள் எஃகு அச்சுக்குப் போவதில்லை. சிலிக்கோன் ரப்பர் அச்சில் ரெசின் ஊற்றுகிறார்கள். விளிம்புகள் கூர்மையாக வரும். பெரும்பாலும் கதவு திறக்காது.

கதவு திறக்குமா என்பது மாடல் உலகில் ஓயாத சண்டை. திறக்க வேண்டுமென்றால் கீல் வேண்டும், இடைவெளி வேண்டும். உண்மையான காரில் கதவுக்கும் உடலுக்கும் நடுவே நான்கு மில்லிமீட்டர் சந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1:18 மாடலில் அது கால் மில்லிமீட்டரைவிடக் குறைய வேண்டும்; 1:64இல் தலைமுடி அளவுக்கு வந்துவிடும். அவ்வளவு நெருக்கமாக வார்த்து, மேலே பெயின்டும் அடித்தால் கதவு ஒட்டிக்கொள்ளும். ஆகவே மாடல்களில் சந்து எப்போதும் நிஜத்தைவிடப் பெரிது. தகட்டின் தடிமனும் அப்படித்தான். வார்ப்பு ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால், 1:64 கணக்கில் அது ஆறரை சென்டிமீட்டர் இரும்புச் சுவருக்குச் சமம். டொமிகாவின் கதவைத் திறந்து விளிம்பைப் பார்த்தால், பீரங்கி வண்டிக்குப் போட வேண்டிய கதவாக இருக்கும். பக்கவாட்டுச் சதுர மூடிகளைத் தனியாகத் திறக்க வைப்பதா, வெறும் கோடாகக் கீறிவிடுவதா என்ற தீர்மானமும் இதே கணக்கில்தான் அமைகிறது.

தேர்ந்த கண்கள் முதலில் போவது மூக்குக்கு. 1969இல் 2000ஜிடியில் சில திருத்தங்கள் வந்தன. முன் ஃபாக் லேம்ப்புகள் சிறிதாகின, இண்டிகேட்டரின் வடிவம் மாறியது. எனவே முன்கால வண்டி, பின்கால வண்டி என்று இரண்டு முகங்கள் உண்டு. பெட்டியில் 1967 என்று அச்சிட்டுவிட்டு உள்ளே 1969இன் முகத்தை வைத்தால் கெட்டிக்காரச் சேகரிப்பாளர் கண்டுபிடித்துவிடுவார். அடுத்தது உலோகப் பளபளப்பு நிறங்கள். நிஜக் காரின் வெள்ளி நிறப் பெயின்டில் இருக்கிற துகள்களையே மாடலில் தூவினால், பதினெட்டு மடங்கு பெரிதான துகள்கள் மாதிரி மினுமினுத்துப் பொய்யாகத் தெரியும். தனியாக நுணுக்கி அரைத்த துகள் வேண்டும். வெள்ளைக்கும் சிவப்புக்கும் இந்தப் பாடு இல்லை.

அசல் காரின் மதிப்பு நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது. 2013 ஏப்ரல் மாதம் அமெரிக்காவில் டெக்சஸில் நடந்த ஏலத்தில் ஒரு மஞ்சள் 2000ஜிடி 11 லட்சத்து 55 ஆயிரம் டாலருக்குப் போனது. பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதல் ஜப்பானியக் கார் அது. 2022 மார்ச்சில் ஃபுளோரிடாவின் அமெலியா ஐலண்டில், ஷெல்பியின் குழு பந்தயம் ஓட்டிய வண்டி 25 லட்சத்து 35 ஆயிரம் டாலருக்கு விற்றது. வரிசை எண்ணில் அதுதான் முதல் 2000ஜிடி. 1968இல் பட்டம் வாங்கித் தராத அந்த முயற்சியே இன்று விலையைக் கூட்டுகிறது. 2020இல் டொயோட்டாவே இறங்கிவந்து, இந்த வண்டிக்கான கியர்பாக்ஸ் பாகங்களை மறுபடி தயாரிக்க ஆரம்பித்தது. யாரும் வாங்கிப் பதுக்கிவிடக் கூடாது என்பதால் 2000ஜிடி வைத்திருப்பவருக்கு மட்டுமே விற்பனை.

அசலின் விலை ஏற ஏற, பழைய மாடல்களையும் ஆள் தேடுகிறார்கள். கோர்கி 336 என்றால், ஏவுகணைகள் இருக்கின்றனவா, விசை வேலை செய்கிறதா, பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏவுகணைகளை முதல் வாரத்திலேயே சோபாவுக்கு அடியில் தொலைத்துவிடுவது பிள்ளைகளின் பிறப்புரிமை என்பதால், முழுசாகக் கிடைப்பது அபூர்வம். பெட்டியோ இன்னும் மோசம். பிரித்த அன்றே குப்பைக்குப் போனது. கார் மட்டும் இருந்தால் ஒரு விலை, எல்லாம் சேர்ந்து இருந்தால் பல மடங்கு. ஆரம்பகால டொமிகாவுக்கு அடித்தகட்டைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தொடக்க காலத்தவை ஜப்பானிலேயே செய்தவை. பிற்காலத்தில் உற்பத்தி சீனாவுக்கும் வியட்நாமுக்கும் போனது. தகட்டில் பொறித்த நாட்டின் பெயர் காலத்தைக் காட்டிக் கொடுத்துவிடும்.

உலோகக் கார்களுக்கு ஒரு நோயும் உண்டு. ஜமாக் கலவையில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலும், ஈரக் காற்றில் ஆண்டுகள் போகப் போக உலோகம் உள்ளிருந்தே விரிந்து வெடிக்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பொம்மைகள் பல இப்படித்தான் பொடிந்துபோயின. சுத்தமில்லாத கலவையில் வார்த்த பிற்கால மாடல்களிலும் இது தலைகாட்டியிருக்கிறது. பெயின்டில் கொப்புளம், கதவு ஓரத்தில் மெல்லிய விரிசல் தெரிந்தால் வாங்காமல் இருப்பது நல்லது, மருந்து கிடையாது. டயர்களும் கவனிக்க வேண்டியவை. மென்மையான பிளாஸ்டிக் டயரிலிருந்து கசிகிற எண்ணெய்ப் பொருள் கீழே உள்ள பிளாஸ்டிக் பலகையை உருக்கி, கார் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். டயர் தரையில் படாதபடி சக்கர அச்சுக்கு அடியில் சிறு முட்டுக் கொடுப்பது வழக்கம். நேர் வெயில் சிவப்பையும் மஞ்சளையும் வெளுக்கச் செய்யும்.

கோர்கிக்கான ஏவுகணைகள், ஏரியல், பெட்டி எல்லாவற்றுக்கும் இன்று புதிதாகச் செய்த மாற்றுகள் வெளிப்படையாகவே விற்கின்றன. உடைந்துபோன ஒரு பொம்மையைச் சரிசெய்து வைக்க இவை நல்ல உதவி. ஆனால் பழைய சரக்கு என்று சொல்லி அதே பாகங்களைச் சேர்த்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அட்டையின் வெண்மை, அச்சின் புள்ளிகள், மடிப்போரத் தேய்மானம் ஆகியவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் புதிய பெட்டி பெரும்பாலும் பிடிபடும். ஏவுகணையை அப்படிக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால், அனுபவசாலிகள் அதற்கென்று தனியாக விலை கொடுப்பதில்லை.